ஆறு குவார்க்குகளின் பந்தம்
புரோட்டானும் நியூட்ரானும் கூடிய டியூட்டரான், 2.2 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுச் சக்தியாலேயே பிரிந்துவிடும் பலவீனமான சேர்க்கையாயிருக்க, மும்மூன்று ‘பாட்டம்’ வகைக் குவார்க்குகளாலான பாரியான் என்னும் துகள்கள் இரண்டு இணைந்தால் அப்பந்தம் ஏறத்தாழ 81 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டு உறுதி பெறும் என்று, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் நீல்மணி மாத்தூரும் தேவ்சுப்ரா சக்ரவர்த்தியும், சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் பத்மநாத்தும் 2023-இல் கணித்தறிந்தது, நம் தேசத்து விஞ்ஞானத்துக்குப் பெருமை தரும் காரியம். இப்பாரியான்கள் இரண்டும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தையும் வென்று நிற்கிறது அப்பிணைப்பு. பரிசோதனைச் சாலை எதிலும் இந்த ஆறு குவார்க்குத் துகள் இன்னும் அகப்படவில்லையென்பது மெய்யே. ஆயினும் இதைக் கணித்தவர்கள் துகள்முடுக்கியை நாடவில்லை. வெளியையும் காலத்தையும் நுண்ணிய வலைக்கண்களாகப் பகுத்து, பெருங்கணினியின் துணையோடு குவார்க்குகளின் வினையைப் பின்தொடர்ந்தார்கள். இவ்வழியில் புகுவதற்குக் கணிதத் தேர்ச்சியும் பொறுமையுமே பிரதானமாதலால், நம் திருநெல்வேலியின் பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் பௌதிகம் பயிலும் பிள்ளைகளுக்கு இது எட்டாத துறையன்று. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் இவ்விஷயத்தில் தமிழிலேயே ஒரு சொற்பொழிவு வரிசை நடத்தி, தரமணி ஆராய்ச்சியாளர்களைத் தாமிரபரணிக் கரைக்கு அழைக்க வேண்டும். தென்காசி, அம்பாசமுத்திரம் மாணவர்களுக்கும் அதில் இடமளிக்க வேண்டும்.