வீட்டுக்கு வேண்டாம், பள்ளிக்கு வேண்டும்

அண்மையில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஐயா, பழைய சர்வர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஒரே பெட்டிக்குள் நான்கு கணிப்பொறிகள் இருக்கின்றனவாம். வாங்கி வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைக்கலாம் என்கிறான் அண்ணன். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?”

“இருவர் சொல்வதும் பாதி சரி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மீதிப் பாதியை விளக்கமாகச் சொல்ல அன்று நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெரிய கணிப்பொறி நிலையங்களில் இடம்தான் முதல் பிரச்சினை. ஆகவே தட்டையான ஓர் இரும்புப் பெட்டிக்குள் நான்கு தனித்தனிக் கணிப்பொறிகளைச் செருகி வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ‘நோட்’ என்பார்கள். நாம் கணு என்று சொல்வோம். கரும்பின் ஒவ்வொரு கணுவும் தனியே முளைக்கக் கூடியது அல்லவா? அதுபோல இந்தக் கணுவும் தனித்து இயங்கக் கூடியது. அதற்கென்று செயலி, நினைவகம், வலைப்பின்னல் இணைப்பு எல்லாம் உண்டு. ஆனால் மின்வழங்கியும் மின்விசிறிகளும் நான்குக்கும் பொது.

2010ஆம் ஆண்டு வாக்கில் வந்த டெல் சி6100 இத்தகையது. அதன் உயரம் சுமார் 9 செண்டிமீட்டர்தான். அதற்குள் நான்கு கணுக்கள். கணுவுக்கு இரண்டு செயலிகள். ஒவ்வொரு செயலியிலும் நான்கு உள்ளகங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 32.

இவ்வளவு பெரிய பொருள் ஏன் மலிவாகக் கிடைக்கிறது? கெட்டுப்போனதால் அன்று. நிலையங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களை மாற்றிவிடுகின்றன. ஒரே அளவு மின்சாரத்தில் புதியவை அதிகக் கணக்குகளைச் செய்கின்றன. இதை ஆராய்ந்த ஜோனதன் கூமி என்பவர் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரு யூனிட் மின்சாரத்தில் கணிப்பொறி செய்யக்கூடிய வேலை, 1940களின் நடுப்பகுதி முதல் 2009 வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்து வந்திருக்கிறது. பிறகு அந்த வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆக, விற்பவருக்குக் கட்டுப்படியாகாத மின்கட்டணம்தான் வாங்குபவருக்கு மலிவு விலையாகத் தெரிகிறது! இதை மறந்துவிடக் கூடாது.

கல்லில் வைத்த சூப்

பழைய கணிப்பொறிகளைச் சேர்த்துப் பெரிய வேலை செய்ய முடியுமா? முடியும். 1994இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கும் சாதாரண 486 வகைக் கணிப்பொறிகள் 16ஐ இணைத்து ஒரே இயந்திரம்போல வேலை வாங்கினார்கள். அதற்குப் பேவுல்ஃப் என்று பெயர்.

அடுத்த கதை இன்னும் சுவையானது. 1996இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 64 கணிப்பொறிகள் வாங்கப் பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். வெறுங் கல்லைப் பானையில் போட்டு, ஊரார் ஆளுக்கொரு காய் தர, சூப் வைத்த வழிப்போக்கனின் கதை மேல்நாட்டில் உண்டு. அதை வைத்தே தங்கள் இயந்திரத்துக்குப் பெயர் சூட்டினார்கள். 2001இல் அதில் 133 கணுக்கள் இருந்தன. அமெரிக்க நிலப்பரப்பைச் சதுரக் கிலோமீட்டர் துண்டுகளாக, ஏறத்தாழ 78 லட்சம் துண்டுகளாகப் பிரித்து, தட்பவெப்பத்தாலும் மண்ணாலும் ஒத்த பகுதிகளை அது வகைப்படுத்தியது.

நான்கு மடங்கு வேகம் வருமா?

நான்கு கணு இருந்தால் வேலை நான்கு மடங்கு வேகமாக நடக்கும் என்று எண்ணுகிறீர்களா? தேர்வுத்தாள் திருத்துவதை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியர் தனியே திருத்தினால் 90 நிமிடம். பிறகு மதிப்பெண் பட்டியல் தயாரிக்க 10 நிமிடம். ஆக 100 நிமிடம். நான்கு ஆசிரியர்கள் திருத்தினால் 90 நிமிட வேலை இருபத்திரண்டரை நிமிடத்தில் முடியும். ஆனால் பட்டியலை ஒருவர்தானே தயாரிக்க வேண்டும்? மொத்தம் முப்பத்திரண்டரை நிமிடம். அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆயிரம் ஆசிரியர்களை அழைத்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாது. ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டிய உண்மை இதுதான்.

மின்மானி சொன்ன பாடம்

நானும் நண்பர்கள் இருவரும் பணம் போட்டு இத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினோம். தூக்கி வர இரண்டு பேர் தேவைப்பட்டது. நான்கு கணுக்களும் நன்றாக வேலை செய்யும் என்றார் விற்றவர். மூன்றுதான் உயிர் பெற்றன. நான்காவதன் நினைவகச் சில்லுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அந்த இரண்டு மாலைகளில் கற்றதை எந்தப் புத்தகத்திலும் நான் கற்றதில்லை.

ஆனால் சத்தம்! பெட்டியின் உயரம் 9 செண்டிமீட்டர் என்றால் விசிறியின் அகலமும் அதற்குள்தான் இருக்க வேண்டும். சிறிய விசிறி, பெரிய விசிறியின் அளவுக்குக் காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழல வேண்டும். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த என் மகன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

பிறகு மின்மானியை இணைத்துப் பார்த்தேன். எந்த வேலையும் கொடுக்காதபோதே 280 வாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 6.72 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இது மட்டுமன்று. கணிப்பொறி பளு தூக்குவதில்லை, வண்டி இழுப்பதில்லை. அது எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. கோடைக் காலத்தில் 280 வாட் அடுப்பொன்றை அறையில் வைத்திருந்தோம் என்றே சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் அதை நிறுத்தினேன்.

என் கருத்து

“அப்படியானால் பழைய பொருளை வாங்குவதே தவறா?” என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு கணிப்பொறியைச் செய்வதற்கே ஏராளமான மின்சாரமும் நீரும் கனிமங்களும் செலவாகின்றன. அந்தச் செலவு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டினால், வேலை செய்யும்போது 400 வாட் எடுத்தாலும் மாதத்துக்கு 12 யூனிட்தான். அப்போது பழையதைப் பயன்படுத்துவதே சிக்கனம். நாள் முழுவதும் ஓட்டினாலோ கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பழைய இயந்திரம் நல்ல ஆசிரியர். ஆனால் இரவு பகலாக உழைக்க ஏற்ற வேலையாள் அன்று.

ஆகவே வீட்டுக்கு இது வேண்டாம். பள்ளிக்கு வேண்டும். வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம், ஆசிரியர் முன்னிலையில், நாற்பது மாணவர்கள் தொட்டுப் பழகட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணுவின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். மற்ற மூன்றும் வேலையைத் தொடர்கின்றனவா, திகைத்து நிற்கின்றனவா? ஒரே கணிப்பொறியை நான்காக நடிக்க வைக்கும் மென்பொருள் உண்டுதான். ஆனால் தளர்ந்த கம்பியும் செத்த சில்லும் தரும் பாடத்தை அது தருவதில்லை.

சர்வர் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மேசைக் கணிப்பொறிகள் நான்கும், அவற்றை இணைக்க ஒரு ஸ்விட்சும் போதும். சொல்லப்போனால் அதுவே மேல். பொது மின்வழங்கி இல்லாததால், ஒன்று பழுதானால் மற்றவை சாவதில்லை. சத்தமும் குறைவு.

எதை வாங்கினாலும் சிலவற்றை மறக்காதீர்கள். நில இணைப்புள்ள மூன்றுமுனைச் செருகியில்தான் இணைக்க வேண்டும். மின்வழங்கியை நீங்களே திறக்கக் கூடாது. பழைய வட்டுகளில் முன்பு இருந்தவர்களின் தகவல் இருக்கக் கூடும். படித்துப் பார்க்காமல் முழுவதும் அழித்துவிடுங்கள். கணுவை நிறுத்திய பிறகும் அதனுள் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கணிப்பொறி விழித்துக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து சர்வரை இயக்குவது அதன் வேலை. அதன் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அதை இணையத்தோடு நேரே இணைக்காதீர்கள்.

அந்த மாணவியின் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உன் ஆசை நல்ல ஆசை. ஆனால் வாங்குவதற்கு முன் விலையைக் கேட்பதோடு நிற்காதே. எத்தனை வாட் என்றும் கேள். அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: பையனைத் தடுக்க வேண்டாம். அவனைத் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போங்கள்.