ஐந்து வீட்டுக்காரருக்கு 500 யூனிட், ஐந்து குடும்பத்துக்கு 100 யூனிட்

2022 டிசம்பர் மாதத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் அத்தனை எளிதில் மறக்க முடியாது. வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தது அந்த மாதம் 26ஆம் தேதிதான். அதே நாட்களில் தமிழ்நாடு முழுக்க மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கும் முகாம்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் காலனியிலிருந்தும் ஈ.பி. அட்டையை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனோம். வரிசையில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் தெருவில் எரிகிற அடுப்புகளை விட ஈ.பி. அட்டைகள் குறைவு.

தண்ணீரில் சாதி இருப்பதை நாடே பார்த்தது. கரண்டு கம்பியில் இருக்கும் சாதி அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சின்னம்மா வீட்டையே எடுத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சின்னம்மாவின் இரண்டு மகன்களுக்கும் கல்யாணம் ஆகி, பின்பக்கம் ஆளுக்கொரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, ஒரே மீட்டர். முன்வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத்தான் பின்னால் இரண்டு குடும்பங்களுக்கும் விளக்கும் ஃபேனும் ஓடுகின்றன.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற திட்டம், 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானபோது அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகும் அது தொடர்ந்தது. அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் எரித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 2.25 ரூபாய்ச் சலுகை கிடையாது. 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய்.

மூன்று குடும்பமும் ஆளுக்கு 170 யூனிட் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 157 ரூபாய் 50 காசு. மூன்றுக்கும் சேர்த்து 472 ரூபாய் 50 காசு. ஒரே மீட்டரில் 510 யூனிட் ஓடினால் பில் 2,030 ரூபாய். அதே கரண்டு, அதே மூன்று குடும்பம்தான். ஆனால் நாலு மடங்குக்கு மேல் பில். அதன்பிறகு 2024இல் கட்டணம் மறுபடியும் கூடியது. கணக்கில் வரும் ரூபாய் மாறும், அநியாயம் மாறாது.

தனி மீட்டர் வாங்கவேண்டியதுதானே என்பீர்கள். போனார்கள். பெரியவன் விண்ணப்பம் கொடுக்கப் போனபோது அவன் பெயரில் வீட்டு வரி ரசீதோ பட்டாவோ கேட்டார்கள். மனை தாத்தா பெயரில் இருக்கிறது. கொட்டகையின் பாதி புறம்போக்கில் இருக்கிறது. தாத்தாவுக்குக் கொடுத்த இலவச மனைப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு போனால், "பட்டா கொடுத்தது நிஜம்தான், ஆனா கணக்குல ஏத்தலையே" என்கிறார்கள். காலனிகளில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் குறைவு. காகிதம் கையில் இருக்கும், வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

100 யூனிட் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சாதிச் சான்றிதழ் வேண்டாம், வருமானச் சான்றிதழ் வேண்டாம், எல்லா வீட்டுக்கும் உண்டு என்பது நல்ல திட்டம். அலுவலகத்து வாசலில் யாரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. சலுகை மனிதருக்கு இல்லை, மீட்டருக்கு. மீட்டர் வீட்டுக்கு, வீடு மனைக்கு. மனை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இந்த நாட்டில் சாதியைத் தொடாமல் முடியாது.

ஆதார் இணைப்பு நடந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒருவர் பெயரில் எத்தனை வீட்டு இணைப்பு இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம் தொடரும் என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி உறுதி சொன்னார். சலுகை பறிபோகுமோ என்ற பயத்தைப் போக்கச் சொன்னது அது. அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஐந்து வீடு வைத்திருப்பவரின் இணைப்புகளுக்கு 500 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் ஒண்டியிருக்கும் ஐந்து குடும்பத்துக்கு 100 யூனிட்.

வாடகைக்கு இருப்பவர்களின் கதை இன்னும் மோசம். வேலைக்காக டவுனுக்கு வரும் எங்கள் பிள்ளைகள் வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் சாவியை வாங்க வேண்டும். நான் ஏறி இறங்கிய வீடுகளை எண்ணி முடியாது. கடைசியில் கிடைத்த வீட்டில் உரிமையாளர் ஒரு துணை மீட்டரை மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றார். அரசு கொடுத்த 100 யூனிட் அவர் பையில். இதைக் கேட்டால் என்ன ஆகும்? "பிடிக்கலேன்னா காலி பண்ணிக்க" என்பார். ஊருக்குள் வேறு வீடு சுலபமாகக் கிடைப்பவர் சண்டை போடலாம். சாதியால் நாலு வீட்டில் கதவு சாத்தப்பட்டவர் 8 ரூபாயைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். நானும் மூடிக்கொண்டேன்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டம் 2003இன் பிரிவு 43, உரிமையாளர் கேட்டாலும் சரி, குடியிருப்பவர் கேட்டாலும் சரி, இணைப்புக் கொடுப்பது விநியோக நிறுவனத்தின் கடமை என்கிறது. வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்று 2022இல் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் மின் விநியோக விதித்தொகுப்பிலும், உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் குடியிருப்பவர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து இணைப்புப் பெற இடமிருக்கிறது. ஆனால் அவரிடம் இரண்டு மடங்கு வைப்புத்தொகை கேட்கிறார்கள். நிலம் உள்ளவருக்கு ஒரு மடங்கு, இல்லாதவருக்கு இரண்டு மடங்கு!

மற்ற மாநிலங்கள் செய்து காட்டியிருக்கின்றன. டெல்லி அரசு 2019இல், வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டினால் போதும், உரிமையாளரின் அனுமதி வேண்டாம் என்று வாடகைதாரர்களுக்குத் தனி ப்ரீபெய்டு மீட்டர் கொடுத்தது. 2023இல் கர்நாடகம் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில் வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். சமூகநீதி பேசும் தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்கலாமா?

இன்னொரு பக்கம், ஏழைக்குக் கொடுத்தாலே "இலவசம்" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலையில் பிரதமர் மோடி அதை "ரேவடி" என்ற மிட்டாயோடு ஒப்பிட்டார். அவர்களுக்கு அம்பேத்கரை நினைவூட்ட வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சக்தி அவர் பொறுப்பில்தான் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த நாட்டின் வறுமைக்கு விடிவு இல்லை என்பது அவருடைய வாதம். அவரைப் பொறுத்தவரை மின்சாரம் விடுதலைக்கான கருவி, மிட்டாய் அல்ல.

ஆகவே கோரிக்கைகள் இவை. ரேஷன் கார்டை ஆதாரமாக ஏற்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் கொடுக்க வேண்டும். குடியிருப்பவரிடம் இரட்டை வைப்புத்தொகை கேட்பதை நிறுத்த வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டாக்களை முகாம் போட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஆதாருக்கு ஊர் ஊராக முகாம் போட முடிந்த அரசால் இதற்கும் முடியும். வாடகைதாரருக்கு உரிமையாளர் சம்மதம் இல்லாமலே மீட்டர் வேண்டும்.

தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்க் காலனிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஒரு நோட்டில் அடுப்புகளை எண்ணுங்கள், பக்கத்திலேயே மீட்டர்களை எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எங்கள் தெருவில் எண்ணத் தொடங்கிவிட்டோம்.