ஹீட்டர் கேபிளும் என் பேரமும்

இன்று கார் ரிப்பேர் பற்றி எழுதப் போகிறேன். "சாருக்கு எதற்கு இந்த வேலை" என்று சிரிக்க வேண்டாம்.

சித்திரை வெயிலில் தஞ்சாவூர் போய்வந்ததில் வீட்டம்மாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடப் பழைய கார். திருச்சியில் கிளம்பும்போது ஏசி நன்றாகக் குளிரும். துவாக்குடி தாண்டுவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். ஒரு கடையில் 2,000 ரூபாய்க்குக் கேஸ் நிரப்பினார்கள். பலனில்லை. மறுபடி போனால், "கூலிங் காயில் போச்சு சார், டேஷ்போர்டைக் கழட்டணும், 11,000 ஆகும்" என்றார்கள்.

தெரிந்தவர் சொல்லி ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஒரே கேள்வி கேட்டார்: "சார், இன்ஜின் சூடாகுற வரைக்கும் நல்லா குளிருதா?" ஆமாம் என்றேன். குளிர்-சூடு குமிழைத் திருப்பினார். பிடிமானமே இல்லாமல் லேசாகச் சுற்றியது. உடனே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தார்.

நம் ஊர்க் காரிலும் ஹீட்டர் உண்டு. நாம் போடுவதில்லை, அவ்வளவுதான். இன்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. ஏறக்குறைய 90 டிகிரி சூடு. ஏசிக் காற்று அதன் மேல் படாமல் தடுப்பது ஒரு மடல். குமிழுக்கும் மடலுக்கும் நடுவே சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, உறைக்குள் ஒரு கம்பி. உறையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. குமிழைத் திருப்பினால் கம்பி மடலை இழுக்காமல் உறைதான் நகர்ந்தது. மடல் பாதி திறந்தபடி நிற்க, குளிர்காற்றில் சூடு கலந்துகொண்டே இருந்தது.

குமிழைக் குளிர் முனையில் வைத்து, மடலின் லீவரைக் கையால் அந்தக் கடைசி வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, உறையை வேறொரு கிளிப்பில் இறுக்கினார். முக்கால் மணி நேரம். 300 ரூபாய் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிளிப்தானே தம்பி, 200 வாங்கிக்கோ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கேஸுக்கு 2,000 கேட்டபோது வாயைத் திறக்காமல் கொடுத்தவன் நான். பொருளுக்கு என்றால் கொடுக்கிறோம். குனிந்து பார்த்து யோசித்ததற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அந்த முதல் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். விடைத்தாளைப் பிரிக்காமலே ஃபெயில் போட்ட மாதிரி செய்தார். ஆனால் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "பார்த்ததற்கு 300" என்று அவர் கேட்டிருந்தால் நாம் சண்டைக்குப் போயிருக்க மாட்டோமா? அவருக்கும் வாடகை இருக்கிறது. பார்க்கிற வேலைக்குக் கூலி கிடையாது என்று நாமே பழக்கிவிட்டு, பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்று புலம்புகிறோம். 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி கேட்காமல் வந்தேன்.

ஏசி குறைந்தால் எல்லாம் இந்தக் கேபிள்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காயில் மாற்றச் சொன்னால், முதலில் குமிழோடு மடல் அசைகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் முன்பே பேசிவிடுங்கள். டிசம்பரில் ஊட்டி போகிறவர்கள் குமிழைச் சிவப்புப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். மலைப்பாதையில் முன்கண்ணாடி உள்ளே பனித்துப் போனால், அதைத் துடைக்க அந்தச் சூடு வேண்டும்.