நிலைப்பதே சிறப்பா?

மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளில் பட்டுப்புடைவையை விரித்துக் காட்டும் வணிகர், “தலைமுறைக்கும் வரும்” என்று சொல்லித்தான் விலை பேசுவார். நிலைத்து நிற்பதே தரம் என்னும் எண்ணம் புடைவைக்குப் பொருந்தும். உடலுக்குள் பொருத்தும் மின்கருவிக்கும் அதனையே அளவுகோலாக்கி, கரையும் கருவி மட்டமானது என்பார் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று.

கருவியின் தரத்தை அதன் பணிக்காலமே அறுதியிடும். இதய அறுவைக்குப்பின் சிலருக்குத் துடிப்பைச் சீராக்கும் துணை சில நாள்களே தேவை. அதற்கென இதயத்தில் கம்பிகளைத் தைத்து, மார்பின் வழியே வெளிக்கொணர்ந்து புறக்கருவியோடு இணைப்பர், பின்னர் இழுத்தெடுப்பர். நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங், 2012-இல் அத்தகைய கம்பிகள் அகற்றப்பட்டபின் உட்குருதி பெருகி உயிர்நீத்தார். கம்பி உறுதியாகத்தான் இருந்தது. அவ்வுறுதியால் விளைந்த பயன் யாது?

2010-இல் அமெரிக்க ஆய்வாளர் பட்டுப்புரதப் படலத்தின்மேல் மின்முனை வலையைப் பரப்பி, விலங்கின் மூளைமீது வைத்தனர். படலம் கரைந்தது, வலை மூளையின் மேடுபள்ளங்களோடு ஒட்டியது. பட்டின் பெருமை அங்கே கரைவதில் விளங்கிற்று. 2021-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அரைக் கிராமுக்கும் குறைந்த எடையில், மின்கலமும் கம்பியும் அற்ற இதயமுடுக்கியை அறிவித்தனர். அது ஐந்து முதல் ஏழு வாரங்களில் உடலில் கரைவது. 2025-இல் அரிசிமணியினும் சிறிய ஒன்றை வெளியிட்டனர்.

“கரைந்தது நஞ்சாகாதோ?” என வினவுவர். மக்னீசியம் உடலுக்கு வேண்டிய தாதுவே. சிலிக்கானும் மிக மெல்லிய ஏடாயின் உடல்நீரில் கரையும். “முன்னரே கரைந்துவிட்டால்?” என்பது நேரிய ஐயம். மேலுறையின் பொருளையும் தடிப்பையும் கொண்டு காலத்தை வரையறுக்கலாம். ஆயினும், விலங்குகளிலும் தானமாகப் பெற்ற மனித இதயங்களிலும் தேறியது மட்டும் போதாது, நோயாளரிடத்தும் தேறவேண்டும். வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோர்க்கு நிலையான கருவியே உரியது. இதனை மறுப்பாரில்லை.

மறுக்கப்படுவது, நிலைப்பதெல்லாம் உயர்வு என்னும் ஆராயாத முடிவே. வகுப்பறையில் அறிவியல் கட்டுரை எழுதப் பணிக்கும் தமிழாசிரியர், பழம்பெருமையோடு நில்லாது இத்தகைய வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். உள்ளே வைத்ததை எடுக்க மீண்டும் மார்பைக் கீறாதிருக்க வழியுண்டா என்பது, குழந்தையின் இதய அறுவைக்கு ஒப்பமிடும் ஒவ்வொரு பெற்றோரின் வினாவுமாகும். அதனைத் தமிழில் கேட்கவும் தமிழில் விடைகாணவும் மாணவர் பயிலட்டும்.