வேலை செய்கிறவர்களுக்குப் படிப்பு எதற்காம்?

ஜவ்வாது மலையின்மேல் காவலூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வானாராய்ச்சி நிலையத்தில், 1977-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி யுரேனஸ் கிரகத்தின் பின்னால் ஒரு நட்சத்திரம் மறைவதைக் கவனித்துக் கொண்டிருந்தார்கள். மறைய வேண்டிய நேரத்திற்கு முன்பாகவே அதன் வெளிச்சம் ஒரு கணம் மங்கிற்று. அதே சமயத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளும் ஆகாய விமானத்திலிருந்து இதைக் கண்டார்கள். அந்தக் கிரகத்திற்கு வளையங்கள் உண்டென்பது இப்படித்தான் உலகத்திற்குத் தெரிந்தது. இதை எந்த மகானும் ஞானதிருஷ்டியால் சொல்லவில்லை. கருவி வைத்து, மணி பார்த்து, அளந்து கண்டுபிடித்தார்கள்.

நிற்க, வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் 2023 மே மாதத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போயிற்று. சடலத்தைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் ரோடு முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்ற தாயே பிள்ளையின் சடலத்தைச் சுமந்துகொண்டு மலையேறினாள்.

இதற்கு நமது சோதிடன் என்ன சொல்லுவான்? "சனி பார்வை" என்பான். புராணிகனோ "தலைவிதி" என்பான். நாம் கேட்பது வேறு. கடித்தது எத்தனை மணிக்கு? மருந்து இருந்தது எத்தனை மைலுக்கு அப்பால்? போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆயிற்று? இந்த மலைகளில் இப்படி ஒரு வருஷத்தில் எத்தனை பேர் போனார்கள்? இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதி வைத்தால் சனியனுக்கு அங்கே வேலையில்லை. சர்க்கார்தான் பதில் சொல்லியாக வேண்டும். வைத்திய சேவையை மதிப்பிடுவது என்கிற படிப்பின் சாரம் இதுதான்.

இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் செய்தது என்ன? டாக்டர்கள் பார்க்கும் வார்டில் எத்தனை தாய்மார் சாகிறார்கள், மருத்துவச்சிகள் பார்க்கும் வார்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். டாக்டர்கள் வார்டில்தான் சாவு அதிகம். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதைக் கண்டு, மருந்துநீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாய்க் குறைந்தது. பெரிய டாக்டர்களுக்குச் சந்தோஷமா வந்தது? கோபந்தான் வந்தது!

நம் தமிழ்நாட்டிலும் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று விசாரித்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. லட்சம் பிரசவத்திற்கு 2001-03-ல் 134-ஆக இருந்த தாய்மார் சாவு, 2018-20-ல் 54-ஆகக் குறைந்தது. ஆம்புலன்சும் நர்ஸும் ரத்த நிலையமும் சேர்ந்து செய்த காரியம் இது. ஆனால் அவற்றை எங்கே வைப்பதென்று காட்டியது கணக்கு.

சரி, இந்தக் கணக்கை யார் எடுப்பது? டில்லியில் 2017-ல் மருந்தையும் கருவியையும் மதிப்பிட ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். வரவேற்கிறோம். ஆனால் அல்லேரிப் பாதையில் எந்த ஓடையில் வண்டி நிற்கும் என்று டில்லிக்குத் தெரியுமா? தினமும் அங்கே நடக்கிற நர்ஸுக்கல்லவா தெரியும்! ஆகவே வேலையிலிருக்கிறவர்களே வேலையை விடாமல் மேற்படிப்புக்கு வரவேண்டும் என்கிறோம். நடக்காத காரியமல்ல. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தில் 2001-ல் இப்படித்தான் தொடங்கினார்கள். வேலையிலிருந்த டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் கொஞ்ச காலம் வகுப்பிலும் மீதிக் காலம் வேலைக் களத்திலுமாக எம்.ஏ.ஈ. பட்டத்திற்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இதைச் சொன்னவுடன் "தகுதி போச்சு, திறமை போச்சு" என்று கூச்சல் கிளம்பும். பழைய கூச்சல்தான். சர்க்கார் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் விஷயத்திலும் இதையே பாடினார்கள். மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டித் தடுத்தார்கள். 2020 ஆகஸ்டு 31-ல் சுப்ரீம் கோர்ட்டின் அய்ந்து நீதிபதிகள், ஒதுக்குவது மாநில சர்க்காரின் அதிகாரம், கவுன்சிலுக்கு அதைத் தடுக்க உரிமையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மலையில் பத்து வருஷம் உழைத்தவனுக்குத் தகுதியில்லை, நேற்றுப் பரீட்சை எழுதியவனுக்குத்தான் உண்டு என்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் இது டாக்டரோடு நின்றுவிடக் கூடாது. நர்ஸ், சுகாதார இன்ஸ்பெக்டர், லேபில் வேலை செய்கிறவர் இவர்களுக்கும் வேண்டும். நாற்பது வயதில் ஒரு பெண் புத்தகத்தைக் கையிலெடுத்தால், "இனி என்ன படிப்பு?" என்று வீட்டிலேயே சிரிக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: அறிவுக்கு வயது வரம்பு போட்டவன் யார்? பகலெல்லாம் ஆஸ்பத்திரி, மாலையில் அடுப்பு, நடுராத்திரியில் படிப்பு என்றால் எந்த உடம்பு தாங்கும்? அடுப்பை ஆண்பிள்ளை மூட்டினால் நெருப்பு பற்றாதா?

ஆகவே நாம் கேட்பது மூன்றுதான். படிக்கிற நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கவேண்டும். பாடமும் பரீட்சையும் தமிழில் இருக்கவேண்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் உண்மை மேலதிகாரிக்குக் கசந்தாலும், எழுதினவரைத் தண்டிக்கக்கூடாது.

எட்டாத கிரகத்தின் வளையத்தை அளக்க அந்த மலையில் கருவி வைத்தோம். பக்கத்து மலையில் சாகிற குழந்தையின் கணக்கை அளக்க ஆள் வைக்க மாட்டோமா? தோழர்களே, யோசித்துப் பாருங்கள்!