பழியை விளையாட்டின் மேல் போடாதீர்கள்

2017இல் மதுரை அருகே ஒரு கல்லூரி மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 'புளூ வேல்' என்ற கேம்தான் அவரைப் பலி வாங்கியது என்று உடனே செய்தி பரவியது. தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் விவாதித்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். 2018 தொடக்கத்தில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது: அந்த கேமோடு சேர்த்துப் பேசப்பட்ட மரணங்களை ஒரு குழு ஆராய்ந்தது, ஒன்றில்கூட அதற்குத் தொடர்பு இருந்ததாக நிறுவ முடியவில்லை. முதல் செய்தி இன்றும் ஊருக்கே நினைவிருக்கிறது. இரண்டாவது செய்தியைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இப்படித்தான் வேரூன்றியது. மதிப்பெண் குறைந்தால் கேம். பையன் எதிர்த்துப் பேசினால் கேம். கண்ணாடி போட நேர்ந்தால் கேம். வீட்டைவிட்டு ஓடிப்போனால் கேம். ஆதாரம் யாரும் கேட்பதில்லை. கேட்பவரை விவரம் தெரியாதவர் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியம், அது ஆபத்தானது. பழி முழுவதையும் விளையாட்டின் தலையில் கட்டிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன துயரம் என்று விசாரிக்க ஆளில்லாமல் போகிறது. பிள்ளைகளிடம் காசு பறிப்பவர்களும் அந்தக் கூச்சலில் தப்பித்துவிடுகிறார்கள்.

நான் கேம் ஆடி வளர்ந்தவன். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது. சென்னை பர்மா பஜாரில் மாமா வாங்கிவந்த பெட்டி. நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. மஞ்சள் கேசட்டைச் சொருகி, சேனலைத் திருகிப் பிடித்தால் மாரியோ வந்துவிடுவார். கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் சில விளையாட்டுகள்தான் பெயர் மாறி மாறி வரும். அச்சில் இருப்பதையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கேசட்.

எங்கள் வீட்டில் மாரியோவை முதலில் முடித்தது என் அக்கா. எட்டாம் உலகத்தின் கடைசிக் கோட்டையில் தப்பான வழியில் போனால், கடந்துவந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்போம். எந்தக் குழாய்க்குள் இறங்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று அக்கா கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வழிப்படம் வரைந்தாள். ஒவ்வொரு முறை தோற்றதும் ஒரு கோட்டை அடித்து இன்னொரு கோட்டைப் போட்டாள். அந்தப் பிடிவாதத்தைப் பாராட்ட வீட்டில் யாரும் இல்லை. அவள் பெரியவளானதும் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன கேம்" என்று ஜாய்ஸ்டிக்கைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தடை வரவில்லை. தெருமுனை கேம் கடைக்கும் பிறகு பிரவுசிங் சென்டருக்கும் நான் போனேன். அவள் போக முடியவில்லை. கேம் கெடுக்கும் என்ற பேச்சு பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமாகப் பயன்பட்டது. இந்த நம்பிக்கையால் அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான்.

கேம் ஆடுகிறவன் யாரோடும் சேராதவன் என்று சொல்கிறார்கள். காண்ட்ரா ஆடியவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அதன் மூன்றாவது ஸ்டேஜ் ஒரு அருவி. இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறினால், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து உயிரை இழப்பான். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை எந்த நீதிபோதனை வகுப்பும் எனக்கு அவ்வளவு ஆழமாகப் பதிய வைக்கவில்லை. முப்பது லைஃப் கிடைக்க மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்த வேண்டும். இணையம் இல்லாத காலத்தில் ஜப்பானின் கொனாமி நிறுவனத்து ரகசியம் தெருத் தெருவாக, பையனுக்குப் பையன் வாய்வழியாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. தனிமையில் கிடந்தவர்களிடம் ஒரு ரகசியம் அப்படிப் பயணம் செய்யாது.

படிப்பு கெடும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. தூக்கத்தையும் பாடத்தையும் விட்டுவிட்டு எதைச் செய்தாலும் படிப்பு கெடும். கிரிக்கெட்டுக்கும் அது பொருந்தும், கோயில் கொடைக்கும் பொருந்தும். அளவு பற்றிய கேள்வி அது. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில்தான் சலாதீன், ஜோன் ஆஃப் ஆர்க், பார்பரோசா என்ற பெயர்களை முதலில் சந்தித்தேன். ஆட்டத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தேன். அந்தப் பெயர்களைத் தேடி நூலகத்துக்குப் போனேன். அதே விளையாட்டில் 2022இல் ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு முழு அத்தியாயமாக வந்தது. உறுமி வாள் வீரர்கள் அதில் இருக்கிறார்கள். கடல் கடந்து போன சோழர் படையை உலகெங்கும் இருக்கும் இளைஞர்கள் இன்று கையால் நடத்திப் பார்க்கிறார்கள். நம் பாடநூல் அந்த வரலாற்றுக்குச் சில பக்கங்களை ஒதுக்கி, ஐந்து மதிப்பெண் வினாவாக முடித்துவிடுகிறது.

கைத்திறன் பற்றியும் ஆய்வு இருக்கிறது. லேப்ராஸ்கோபி அறுவை செய்யும் மருத்துவர்கள் 33 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடிய பழக்கம் உள்ளவர்கள், பயிற்சித் தேர்வில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். சிறிய ஆய்வுதான். அதை வைத்து கேம் ஆடினால் டாக்டராகிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூளை மழுங்கிவிடும் என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் இந்த அளவுக்காவது ஒரு சான்று உண்டா?

மிகக் கடுமையான குற்றச்சாட்டு வன்முறை. நான் 2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவன். 'டஸ்ட்' என்ற அந்த மணல் நிற வீதிகளை அறியாத பையன் அன்று எங்கள் வட்டத்தில் இல்லை. அதை வடிவமைத்த டேவ் ஜான்ஸ்டன் அப்போது பிரிட்டனில் பதின்பருவத்தில் இருந்தவர். விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான மின் லீ கனடாவில் கல்லூரி மாணவர். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளே படைப்பாளிகளாக மாறியதன் விளைவு அந்த விளையாட்டு.

துப்பாக்கி விளையாட்டு ஆடினால் துப்பாக்கி தூக்குவார்கள் என்பதை அறிவியல் ஏற்கவில்லை. 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை கேமுக்கும் பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இன்னும் கவனமாகப் பேசியது: கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு ஓரளவு தொடர்பு இருக்கிறது, ஆனால் கொடும் வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறார்கள் கைதானது 1994இல் உச்சம் தொட்டது; வீட்டுக்கு வீடு கேம் பெருகிய அடுத்த பத்தாண்டில் அது இறங்கியது.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரின் வீட்டுக்குள் புகுந்து அவரையும் அவர் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்கள். அந்த அரிவாளை அவர்கள் கையில் எந்த கேமும் கொடுக்கவில்லை. சாதி கொடுத்தது. வீட்டுத் திண்ணையும், கையில் கட்டிய வண்ணக் கயிறும், ஊர்ப் பெருமைப் பேச்சும் கொடுத்தன. பிள்ளைகளின் வன்முறைக்கு வேர் தேடுகிறவர்கள் முதலில் தோண்ட வேண்டிய இடம் அது.

கேமால் தீங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்பதை 2019இல் நோய்ப் பட்டியலில் ஏற்றது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த வரையறையை ஒரு முறை படியுங்கள். ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகியிருக்க வேண்டும். தீங்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அது தொடர வேண்டும். அதனால் குடும்பமோ படிப்போ வேலையோ கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக இந்த நிலை 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். லீவு நாளில் நான்கு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு 'அடிக்ட்' என்று பட்டம் கட்டுகிறவர்கள் மருத்துவர்களின் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு அவர்களின் நிதானத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஊரடங்குக் காலத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் விடியவிடிய ஃப்ரீ ஃபயர் ஆடினான். போனைப் பிடுங்கினார்கள், உடைத்தார்கள். பிறகு அவன் சாப்பிடுவதையும் பேசுவதையும் நிறுத்தினான். வகுப்பில் சில பேர் அவனை நெடுநாளாகக் கேலிசெய்து துன்புறுத்தியது பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. ஆன்லைனில் அவனை மதித்துப் பேச நான்கு பேர் இருந்தார்கள்; அங்கே போய் ஒளிந்துகொண்டான். போன் உடைந்த அன்று அந்த நான்கு பேரும் போனார்கள். காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதை அது.

இப்போது தப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு வருவோம். ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் தோற்றவர்களின் சாவு தமிழ்நாட்டில் தொடர்ந்து செய்தியானது. அதைத் தடை செய்து 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விடுவித்தது. இத்தனை ஆண்டு இழுபறியிலும் அந்தக் கம்பெனிகளின் விளம்பரத்தில் பிரபல முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கு கேம், பணம் வைத்து ஆடும் கேம் என்று மூன்றாகப் பிரித்து, பணம் வைத்து ஆடுவதை முற்றாகத் தடை செய்தது. சட்டத்துக்குப் புரிந்த இந்த வித்தியாசம் நம் வீட்டுக் கூடத்தில் இன்னும் புரியவில்லை. பையன் மைன்கிராஃப்டில் வீடு கட்டுவதும், பெரியப்பா ரம்மியில் வீட்டை இழப்பதும் அங்கே ஒரே 'கேம்'தான். பையனுக்குத் திட்டு விழுகிறது. பெரியப்பாவிடம் யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளேயே சூதின் சாயல் நுழைந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' அதில் ஒன்று. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நாம் கோபப்பட வேண்டிய இடம் இது. மாறாக, 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காகக் கல்லூரி மாணவர்களைப் போலீஸ் கைது செய்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடுத்தபோது சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. நம் வீடுகளிலோ, கேம் கெட்டது என்று அரசே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கலை நம் மொழியையும் தொட்டுவிட்டது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லி, புட்டு, தமிழ் நழுவிப்போகும் மகன். ஆடுகிறவர் குறிப்பின் விட்டுப்போன வரிகளைத் தானே ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. புலம்பெயர்ந்த தாயின் ஏக்கத்தை இவ்வளவு நெருக்கமாக உணரவைத்த ஒரு படைப்பைப் பிள்ளைகளைக் கெடுக்கும் சமாச்சாரம் என்று ஒதுக்கினால், இழப்பு நமக்குத்தான்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது. எந்த கேம் என்று பெயர் கேளுங்கள். அதன் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். அதற்குள் காசு கேட்கும் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கி அட்டையையும் யூபிஐ எண்ணையும் பிள்ளையின் போனில் வைக்காதீர்கள். இரவில் போன் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. மகனுக்குக் கொடுக்கும் நேரத்தை மகளுக்கும் கொடுங்கள். ஆசிரியர்கள், ஒரு பிள்ளை திடீரென்று கேமுக்குள் மூழ்கினால், வகுப்பில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அரசு பணச் சூதைத் தடுத்ததோடு நிற்காமல் லூட் பாக்ஸையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று மாலை உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விளையாட்டை உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரு முறை ஆடிப் பாருங்கள்.