வண்டியில் பாட்டு



ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வழியில் பாட்டுக் கேட்க ஆயிரம் ரூபாய்க்குள் எந்த பிளேயர் வாங்கலாம் என்பது அவர் கேள்வி. நாள் முழுக்கக் களிமண்ணிலும் சூளைச் சூட்டிலும் நின்றுவிட்டு வருகிறவருக்கு, வீடு திரும்பும் வழியில் இளையராஜா துணைக்கு வந்தால் எவ்வளவு ஆறுதல்! அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

போனிலேயே கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஹேண்டில்பாரில் போனை மாட்டினால் பாட்டு மட்டுமா வரும்? அழைப்பு வரும், வாட்ஸ்அப் வரும், கண் அங்கே போகும். போனுக்கும் அது நல்லதல்ல. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. பாட்டுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்குவதே சரி.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பொத்தானை. தொடுதிரை வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். எது ஒலியைக் கூட்டுவது, எது நிறுத்துவது என்று விரலுக்கே தெரிய வேண்டும். அடுத்தது பேட்டரி. மலிவு விலை எஃப்.எம். ஸ்பீக்கர்கள் பலவற்றில் பழைய நோக்கியா போனில் இருந்த அதே பிஎல்-5சி பேட்டரிதான் இருக்கும். பின்மூடியைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், பேட்டரி போனதும் பெட்டியையே தூக்கிப்போட வேண்டியதில்லை. மெமரி கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதைவிடப் பெரிய கார்டுகள் வேறு ஃபார்மட்டில் வருவதால் இந்தச் சின்னப் பெட்டிகள் பலவும் அவற்றைப் படிப்பதில்லை. 8 ஜிபி கார்டே தாராளம். சாதாரண எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான் பிடிக்கும்; ஆயிரம் பாட்டுக்கு மேல் அடங்கிவிடும். மழைக்காலத்துக்கு, ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். சித்திரை வெயிலில் மட்டும் டேங்க் கவரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை காதுதான். வேகம் கூடக்கூட ஹெல்மெட்டுக்குள் காற்று இரைகிறது. அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்று இயர்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் போக ஒரு அரைமணி, வர ஒரு அரைமணி என்றாலே வேலை நாட்களில் அந்தக் கணக்கு தாண்டிவிடும். பட்டறை இயந்திரச் சத்தமும் அதே காதில்தான் விழுகிறது.

நம் சாலையையும் நினைத்துப் பாருங்கள். வெட்டுக் காலத்தில் சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அகலம் காட்டி அசைந்து போகின்றன. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. வயலிலிருந்து ஆடு குறுக்கே ஓடிவருகிறது. காதை அடைத்துக்கொண்டவருக்கு இதில் பாதி கேட்காது. தலையில் ஹெல்மெட் இருந்தும் இந்த ஆபத்து குறைவதில்லை.

ஆகவே தம்பி, இயர்போன் வேண்டாம். பொத்தான் வைத்த, பேட்டரி மாற்றக்கூடிய சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி டேங்க் மேல் கட்டிக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் காற்றில் பாட்டு கேட்காது. நிதானமாகப் போனால் கேட்கும். பாட்டை மாற்ற வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டி மாற்றுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வந்தால் நிறுத்திவிடுங்கள். வாங்கிய பிறகு எப்படி உழைக்கிறது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்